அப்பீல் போட்டவளும் போடாதவளும்

"எங்களுக்கா இருந்தா ஓடியாந்திருப்பியாம்மா?"

பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவள் கோபமாகக் கேட்கவில்லை. பெங்களூர் பஸ் எப்போது வரும் என்று விசாரிப்பது போலத்தான் கேட்டாள். நான் கோர்ட்டில் நகல் பிரிவில் வேலை பார்த்தவள். எந்தக் காகிதம் எங்கே போகும், எந்த முத்திரை எங்கே விழும் என்று யார் எப்போது கேட்டாலும் தடுமாறாமல் சொல்லுவேன். இந்தக் கேள்விக்கு மட்டும் அன்றும் பதில் சொல்லவில்லை, இன்றும் என்னிடம் பதில் இல்லை.

வேலையை விட்டுவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். எதிர்வீட்டுக் கலைவாணிக்குப் போன மாதம் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. நான் உட்கார்ந்திருந்த அதே நாற்காலி. அவள் கேட்கும் சந்தேகங்களுக்கு வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை ஒருமுறை எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. எழுத உட்கார்ந்ததும் பஸ் ஸ்டாண்டுப் பெண்தான் முதலில் வந்து நின்றாள்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங்கில் ஹையர் தேறி, பரீட்சை எழுதி வேலைக்கு வந்தேன். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கள் ஆபீசில் பெண்கள் என்று நானும் இன்னொருத்தியும்தான். முதல் சில வருடங்கள் சம்மன் நகல், டெஸ்பாட்ச் என்று அங்குமிங்கும் உட்கார வைத்தார்கள். பிறகு நகல் பிரிவு. கடைசி வரை அங்கேதான்.

கோர்ட்டுக்கு வெளியே இருப்பவர்களுக்கு அப்பீல் என்ற சொல் நன்றாகத் தெரியும். "எங்கப்பா சொல்லிட்டார்னா அப்பீலே கிடையாது" என்று சின்னப் பிள்ளைகள்கூடப் பேசுகிறார்கள். ஆட்சித் தமிழில் மேல்முறையீடு என்று படிவங்களில் அச்சிட்டு வந்தபோதும் ஜனங்கள் அப்பீல் என்றுதான் சொன்னார்கள். ஆனால் சொல் தெரிந்த அளவுக்கு அதன் வேலை தெரியாது. மேல்கோர்ட்டில் முதலிலிருந்து வழக்கு நடக்கும், விட்டுப்போன சாட்சியை அங்கே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. கீழே பதிவான சாட்சியத்தைத்தான், பெரும்பாலும் அதை மட்டும்தான், மேலே இருக்கிற நீதிபதி மறுபடியும் படிப்பார். அப்பீல் போட்டதுமே கீழ்க்கோர்ட் தீர்ப்பு செத்துவிட்டது என்றும் நினைப்பார்கள். அதுவும் இல்லை. தடை உத்தரவு தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

இவற்றை விடப் பெரிய தவறு ஒன்று உண்டு. எங்கள் ஊர்ப் பக்கத்து ஜனங்கள் திரும்பத் திரும்ப அதைச் செய்வார்கள். நகல் மனு போட்டதையே அப்பீல் போட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

விளக்கிவிடுகிறேன். அப்பீல் போட வேண்டுமானால் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும். அதற்கு எங்கள் பிரிவில் மனு கொடுக்க வேண்டும். மனுவுக்கு எண் போட்டு ஒரு சீட்டுத் தருவோம். பிறகு வழக்குக் காகிதக் கட்டை வரவழைத்து, எத்தனை பக்கம் வரும் என்று கணக்குப் பார்த்து, அதற்கான ஸ்டாம்ப் தாள்களைக் கேட்போம். கேட்பது என்றால் ஆளை அனுப்பிக் கேட்பதில்லை. இன்னின்ன எண்ணுக்கு ஸ்டாம்ப் தேவை என்று டைப் செய்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுவோம். குறித்த கெடுவுக்குள் தாள்கள் வராவிட்டால் மனு அடிபட்டுப் போகும். அப்பீலுக்கு என்று சட்டம் கொடுத்த காலத்தில், நகலுக்காகக் காத்திருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். மனுவே அடிபட்டுவிட்டால் அந்தக் கழிவும் போய்விடும். சீட்டை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு, அப்பீல் நடக்கிறது என்று நம்பி வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு, காலம் போய்விட்டது என்பது கோர்ட் அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான் தெரியும்.

வக்கீல் குமாஸ்தாக்கள் தினமும் போர்டைப் பார்ப்பார்கள். பெரும்பாலும் அவர்கள் பார்த்துச் செய்துவிடுவார்கள். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும்.

எங்கள் பிரிவுக்குத் தலைமை எழுத்தர் தரணேந்திரன் சார். இந்தப் பக்கத்து ஜைனர், ஆரணிச் சாலையில் ஒரு கிராமம். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால் மாலையில் நாற்காலியை விட்டு எழுவதில் மட்டும் அவசரம் காட்டுவார். மற்ற எதிலும் அவசரம் இல்லை. அவர் மேசையில் எறும்பு ஊர்ந்தால் ஒரு வெள்ளைத் தாளை முன்னால் நீட்டி, அது ஏறியதும் ஜன்னல் வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, விட்ட வரியிலிருந்து படிப்பார். யாரையும் அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை. வேலைக்கு வந்து சில மாதமே ஆன பெண்ணையும் "வாங்கம்மா, போங்கம்மா" என்றுதான் சொல்லுவார்.

டைப் செய்த நகலை ஒப்பிடுவது அவர் முன்னால்தான் நடக்கும். ஒருவர் மூலத்தை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் நகலைப் பார்த்துக்கொண்டே வர வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டிருப்பார். "கமா" என்று நாம் சொல்லாமல் தாண்டினால் கண் திறக்கும். மூலத்தில் நீதிபதி ஒரு எழுத்தைத் தவறாக விட்டிருந்தால், நகலிலும் அந்தத் தவறு அப்படியே இருக்க வேண்டும். மூலத்தில் 'வடகு' என்று இருந்ததை நான் ஒருமுறை 'வடக்கு' என்று திருத்தி அடித்துவிட்டேன். "அவர் விட்டதை நாம சேத்தா அது உங்க தீர்ப்பு ஆயிடும். உங்க தீர்ப்பு மேல யாரும் அப்பீல் போக முடியாதும்மா" என்றார். பிறகு அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். புதுத் தாளில் மறுபடி அடித்தேன். அந்த வேலையில் எனக்கு ஒரு பெருமை உண்டு. நான் அடித்து என் மேசையை விட்டுப் போன நகலில் குறை சொல்லி மேல்கோர்ட்டிலிருந்து ஒரு காகிதமும் திரும்பி வந்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இல்லை.

கூச்சமும் பயமும் வீட்டு விஷயத்தில்தான். கல்யாணமாகி நெடுநாள் கழித்துப் பெண் பிறந்தாள். பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அவளுக்குத் தலை நிற்கத் தொடங்கியிருந்தது. பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் விட்டுவிட்டு வருவேன். மதிய இடைவேளையில் ஓட்டமாகப் போய்ப் பால் கொடுத்துவிட்டு ஓட்டமாகத் திரும்புவேன். ஆபீசில் இருக்கும்போது குழந்தை அழுகிறதோ என்று தோன்றும். வீட்டில் இருக்கும்போது மேசை டிராயரைப் பூட்டினேனோ என்று தோன்றும். என் வீட்டுக்காரர், "உனக்கு ரெண்டு இடத்துலயும் ஒரு காது" என்பார்.

அந்தச் சமயத்தில்தான் பச்சையம்மாள் வந்தாள்.

அடி அண்ணாமலையைச் சேர்ந்தவள். புருஷன் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. கைக்குழந்தையும் நடக்கிற பையன் ஒருவனும். அவள் இருந்த வீட்டு மனை தனக்குச் சேர வேண்டிய பங்கு என்று கொழுந்தன் ஏழுமலை வழக்குப் போட்டிருந்தான். தீர்ப்பு அவன் பக்கம் ஆனது. அவள் வீட்டைக் காலி செய்து கொடுக்க வேண்டும். வக்கீல் குமாஸ்தா நகல் மனுவில் அவளிடம் கைநாட்டு வாங்கி எங்கள் ஜன்னலில் நீட்டினார். நான் எண் போட்டுச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தபோது அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என் ஜன்னலிலிருந்து நேரே தெரியும் இடம் அது. அவள் குழந்தை குடித்துக்கொண்டிருக்க, என் ரவிக்கை நனைந்தது. புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பிள்ளை பெற்று வேலைக்குப் போனவர்களுக்கு நான் இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை.

குமாஸ்தா சீட்டை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனதும் ஜன்னலருகே வந்தாள். "அவ்ளோதானாம்மா?" என்று கேட்டாள். இப்போதைக்கு அவ்வளவுதான் என்றேன். கார்த்திகை தீபத்துக்குத் தேரடித் தெருவில் பொரி விற்பாளாம், அதற்குள் எதுவும் வந்துவிடாதே என்று கேட்டாள். வக்கீல் ஆபீசில் கேட்டுக்கொள்ளச் சொன்னேன். கோர்ட் ஆட்கள் வழக்கின் கட்சிக்காரர்களுக்கு யோசனை சொல்லக் கூடாது என்பது விதி. அதற்குமேல் நான் பேசவில்லை.

கார்த்திகை தீபம் நெருங்கினால் எங்கள் ஊரில் மற்ற காரியங்கள் பாதி வேகத்தில்தான் நடக்கும். தீபத்தன்றுதான் உள்ளூர் விடுமுறை. மற்றத் திருவிழா நாட்களில் கோர்ட் உண்டு. ஆனால் வெளியூர் பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே நின்றுவிடும், பாதிக் கட்சிக்காரர்கள் வர மாட்டார்கள், வந்தவர்களும் வாய்தா வாங்கிக்கொண்டு கோயிலுக்குப் போய்விடுவார்கள். பச்சையம்மாளின் கட்டு அந்த நாட்களில்தான் எங்களுக்கு வந்தது. ஸ்டாம்ப் கேட்புப் பட்டியலில் அவள் எண்ணை அடித்து ஒட்டியதே நான்தான். ஒவ்வொரு நாளும் அந்த எண்ணுக்கு எதிரே தாள் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். வரவில்லை. அவளுடைய வக்கீல் குமாஸ்தா குடும்பத்துக்கு ஏதோ ஒரு நாள் உபயம், அவர் கோயிலிலேயே இருந்தார். கெடு முடியும் நாள் பெரிய தேர் ஓடும் நாளாக அமைந்தது.

மதிய மணி அடித்தது. வீட்டுக்குப் போகத்தான் எழுந்தேன். கேட் வரைக்கும் அந்த எண்ணம்தான். கேட்டைத் தாண்டியதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தேரடித் தெருப் பக்கம் திரும்பினேன். ஏன் என்று யோசித்துச் செய்ததில்லை. குழந்தை ஒரு வேளை புட்டிப் பாலில் சமாளித்துக்கொள்ளும், அந்த வீடு போனால் திரும்பாது என்று நடந்துகொண்டே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நடந்தேன் என்பது தெரு முனை வரைக்கும்தான். அப்புறம் ஓட்டம்.

பெரிய தேர் நகரும்போது மாட வீதியில் குறுக்கே போவது நடக்கிற காரியமில்லை. வடச் சங்கிலியைப் பிடித்தவர்கள் ஒருபுறம் பெண்கள், ஒருபுறம் ஆண்கள். முட்டுக்கட்டை போடுபவர்கள் கத்துகிறார்கள். மேலே இருந்து பழமும் காசும் மிளகும் உப்பும் விழுகின்றன. ஒரு போலீஸ்காரர் என்னைத் தடுத்து, "எங்கம்மா போற, தேரு மேல ஏறப் போறியா?" என்றார். கோர்ட்டு வேலை என்றேன். "சாமியே தெருவுல கீறாரு, கோர்ட்டு இன்னா கோர்ட்டு" என்றவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கயிற்றைத் தூக்கிவிட்டார்.

பொரிக் கடைகள் வரிசையாக இருந்தன. அவள் மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு படியால் அளந்து போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை முதுகுக்குப் பின்னால் சாக்கில் தூங்கியது. வருடத்தில் அவளுக்கு நல்ல வியாபாரம் ஆகும் ஒரே நாள் அதுவாகத்தான் இருக்கும்.

"பச்சையம்மா, ஸ்டாம்ப் தாள் கட்டலியா?" என்றேன்.

அவளுக்கு என்னை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் சிரித்தாள். "இன்னாம்மா, நீயும் தேரு பாக்க வந்தியா?"

மறுபடியும் சொன்னேன். இன்றோடு கெடு முடிகிறது என்றேன்.

"அதான் அப்பீலு போட்டுட்டேனேம்மா. சீட்டு கூட கீது பாரு." முந்தானை முடிச்சை அவிழ்த்து எடுத்துக் காட்டினாள். நான் கிழித்துக் கொடுத்த சீட்டு.

"இது காப்பி கேட்ட சீட்டு. காப்பி வந்தாத்தான் அப்பீல் போட முடியும். இன்னும் அப்பீலே போடல நீ."

அவள் கையில் இருந்த படி அப்படியே நின்றது. முன்னால் நின்ற ஆள், "பொரி போடுமா, தேரு போயிடப் போகுது" என்றான். அவனைப் பார்க்காமல் என்னிடம், "அப்ப ஊடு?" என்று மட்டும் கேட்டாள்.

"இப்ப வந்தா உண்டு."

பக்கத்துக் கடைக்காரியிடம் மூட்டையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். அந்தப் பெண், "தேரு அன்னிக்கு எவளாவது கடைய உட்டுட்டுப் போவாளாடி, உன்து எத்தனி வித்துதோ அத்தனி நான் சொல்றதுதான்" என்று கேலி செய்தாள். பச்சையம்மாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் பின்னால் வந்தாள். கொஞ்ச தூரத்தில் அவள் எனக்கு முன்னால் போய்விட்டாள். கூட்டத்தில் வழி விடச் சொல்லி அவள் போட்ட சத்தத்தில்தான் நான் திரும்பி வர முடிந்தது.

ஸ்டாம்ப் வெண்டர் பலகையை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். நான் கோர்ட்டு ஆள் என்று தெரிந்தவர், முணுமுணுத்துக்கொண்டே திறந்தார். ஜன்னல் மூடுவதற்கு முன் தாள்கள் உள்ளே போய்விட்டன.

தரணேந்திரன் சார் அவற்றை வாங்கி எண்ணினார், எண்ணைச் சரிபார்த்தார், முத்திரை போட்டுக் கையெழுத்திட்டார். பச்சையம்மாள் போன பிறகு என்னைப் பார்த்தார். என் தலையில் பொரி இருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

"உக்காருங்கம்மா. இவங்களுக்குக் கெடு இன்னியோட முடியுதுன்னு யார் சொன்னது?"

"லிஸ்ட் அடிச்சதே நான்தானே சார்."

"அந்த லிஸ்ட்ல தாள் வராத எண் இது ஒண்ணுதானா?"

இல்லை. இன்னும் சில எண்கள் இருந்தன. எனக்குத் தெரியும்.

"அவங்க எங்க இருப்பாங்கன்னு எனக்குத் தெரியாது சார். இந்தம்மா பொரி விக்கிறது தெரியும். கைக்குழந்தை வேற."

அவர் எறும்புக்குத் தாளை நீட்டுவது போல மெதுவாகத்தான் சொன்னார்: "மத்தவங்களுக்கும் குழந்தை இருக்கும்மா. இங்க தூக்கினு வரல, அவ்ளோதான்."

அப்புறம், "உங்க குழந்தை சாப்பிட்டுச்சா?" என்று கேட்டார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். பர்மிஷன் எழுதிக்கூட வாங்காமல் என்னை வீட்டுக்கு அனுப்பினார். வீட்டில் சரோஜா அக்கா குழந்தையைத் தோளில் தட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். "தேரு பாக்கப் போயிட்டியாமே? எல்லாரும் சொன்னாங்க" என்றார். தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எனக்கு முன்னால் வந்து சொல்லியிருக்கிறார்கள். குழந்தை அழுது அழுது அடங்கி விக்கிக்கொண்டிருந்தது. அவளை வாங்கிக்கொண்டு உள்ளே போனேன்.

எனக்கு மெமோ வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. தீபம் முடிந்து ஆபீஸ் திறந்ததும் தரணேந்திரன் சார் செய்த காரியம் வேறு. நீதிபதியிடம் போய்ப் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு வந்தார். உள் வராந்தாவில் இருந்த நோட்டீஸ் போர்டைக் கழற்றி, வெளியே எல்லார் கண்ணிலும் படுகிற உயரத்தில் மாட்டச் சொன்னார். அன்று முதல் காலையில் கோர்ட் உட்காரும் முன், டவாலி போட்ட கோர்ட் சேவகர் வராந்தாப் படியில் நின்று, ஸ்டாம்ப் தேவைப்படும் எண்களையும் பெயர்களையும் ஊரையும் சத்தமாகப் படிக்க வேண்டும். வாதி, பிரதிவாதி என்ற வித்தியாசம் இல்லை. "இன்னார், இன்ன ஊர், தாள் கட்டணும், கெடு இன்னிக்கு" என்று மூன்று முறை. சொந்தக்காரனோ ஊர்க்காரனோ ஒருவன் காதில் விழுந்தால்கூடப் போதும், செய்தி போய்விடும். முதலில் குமாஸ்தாக்கள் சிரித்தார்கள். ஒருவர், "ஏலம் உடறாங்க பாரு" என்றார். ஆனால் அடிபட்டுப்போகும் மனுக்கள் கம்மியாகிவிட்டன. நான் ஓடியதைப் பற்றி அவர் மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை.

பச்சையம்மாளின் அப்பீல் மேல்கோர்ட்டில் ஜெயித்தது. நான் அடித்த அதே வரிகளைப் படித்த நீதிபதி, மனை மூத்தவனான அவள் புருஷன் பங்குதான் என்ற முடிவுக்கு வந்தார் என்று குமாஸ்தா சொன்னார். பச்சையம்மாள் ஒரு பை நிறையப் பொரி கொண்டுவந்தாள். வாங்கக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அன்று எனக்குச் சந்தேகமே இல்லை. நான் செய்தது சரி.

மறு வருடம் செங்கம் சாலைப் பக்கம் வீடு மாறினோம். மாடி அறையில் நெனிட்டா என்று ஒரு அம்மாள் சில மாதம் குடியிருந்தார். பிலிப்பைன்ஸ் தேசம். எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களில் அவர் மட்டும் எங்களைப் போலவே மூன்று வேளையும் சோறு சாப்பிட்டதால் எனக்கு அவரிடம் சீக்கிரமே பயம் போய்விட்டது. அவரும் கோர்ட்டில் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர் என்று தெரிந்ததும் கேட்கவே வேண்டாம். இருவரும் அரைகுறை ஆங்கிலத்தில் ஆபீஸ் கதையாகப் பேசுவோம்.

அவர்கள் கோர்ட்டிலும் வேலை இங்கிலீஷில்தானாம். ஜனங்கள் ஸ்பானிஷ்காரர்கள் விட்டுப்போன 'அபேலா' என்ற சொல்லைச் சொல்லுவார்களாம். ஆனால் அவர்கள் பாஷையிலேயே ஒரு சொல் இருக்கிறது: பக்ஹஹாபோல். அதன் வேர்ச்சொல் 'ஹாபோல்'. அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அந்த நேரத்தில் என் பெண் சோறு வேண்டாம் என்று மொட்டை மாடியில் ஓடினாள். கிண்ணத்தோடு நான் பின்னால் ஓடினேன். "இதுதான் ஹாபோல்" என்று நெனிட்டா கைகொட்டிச் சிரித்தார். புறப்பட்டுவிட்ட பஸ்ஸைத் துரத்திப் பிடிப்பதும் அதுதான். கடிதத்தை முடித்துக் கையெழுத்தும் போட்ட பிறகு, மறந்துபோனதை அடியில் சேர்த்து எழுதினால் அதற்கும் அதே வேரில் ஒரு சொல்லாம். அப்பீல் போட்டவரை அவர்கள் ஊரில் 'துரத்திக்கொண்டு ஓடுகிறவர்' என்று சொல்லுவார்கள்.

மேல்முறையீடு என்ற எங்கள் சொல்லை அவருக்கு விளக்கினேன். முறையிடுவது என்றால், பெரியவர் முன்னால் நின்று நம் குறையைச் சொல்லுவது. எங்கள் ஜனங்கள் அப்பீல் என்றால் போய் நின்று சொல்லிவிட்டு வந்துவிட்டதாகவே நினைத்துக்கொள்கிறார்கள், பின்னால் ஓட வேண்டியிருக்கிறது என்று நினைப்பதில்லை என்றேன். இத்தனை வருடம் ஜன்னலில் உட்கார்ந்து நான் சொல்லிப் புரியவைக்க முடியாததை அந்தத் தீவுக்காரர்களின் சொல் ஒரே அடியில் சொல்லிவிட்டது போல இருந்தது.

தேர் நாள் கதையையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "ஓடியது யார்? அந்தப் பெண்ணா, நீயா?" என்றார். இருவரும் என்றேன்.  தோற்றவர்தான் ஓட வேண்டும், ஆபீஸ் ஓடக் கூடாது என்றார் நெனிட்டா. தன் ஆபீசாக இருந்தால் என்னை வேலையை விட்டே அனுப்பியிருப்பார்கள் என்றும் சொன்னார். பிறகு என் பெண்ணை மடியில் இழுத்து உட்கார வைத்து, மிச்சச் சோற்றை அவரே ஊட்டினார்.

பஸ் ஸ்டாண்டுப் பெண்ணைப் பார்த்தது அதற்குப் பிறகுதான். குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். நான்கு பிள்ளைகள், இரண்டு தகர டிரங்குப் பெட்டிகள், சுருட்டிய பாய்களோடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். "கோர்ட்டு அம்மாதானே?" என்று கூப்பிட்டாள். ஏழுமலையின் மனைவி என்றாள். நான் அவளை அதற்கு முன் பார்த்ததே இல்லை. முதல் தீர்ப்பில் ஜெயித்தவர்கள் அவர்கள். எங்கள் ஜன்னலுக்கு வர வேண்டிய அவசியம் அவளுக்கு இருந்ததில்லை.

ஏழுமலை டிக்கெட் விசாரிக்கப் போயிருந்தான். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறார்களாம். அந்த மனை வரும் என்று நம்பி, இருந்த ஒண்டுக்குடித்தனத்தையும் விட்டுவிட்டார்களாம். மெட்ராசில் இன்னொரு அப்பீல் போடலாம் என்று யாரோ சொன்னார்கள், ஏழுமலையும் பச்சையம்மாளுக்குத் தீர்ப்புச் சொன்ன அதே மேல்கோர்ட்டில் காகிதம் கொடுத்துச் சீட்டு வாங்கி வைத்திருந்தான் என்றாள்.

"அப்பீலு போட்டாச்சினுதான் இருந்தோம். அப்புறம் பாத்தா நாளு போயிடிச்சாம்."

மேல்கோர்ட் வேறு ஆபீஸ். அங்கே டவாலி கூப்பிடுவதில்லை. அதை நான் சொல்லத் தொடங்கினேன்.

"அவளுக்கு நீ தேரு கூட்டத்துல ஓடியாந்தியாமே. ஊரே பேசுது. நல்லாருக்கட்டும், அவளும் புள்ளகாரி." கடைசிப் பெண்ணின் மூக்கைத் துடைத்துவிட்டாள். "எங்களுக்கா இருந்தா ஓடியாந்திருப்பியாம்மா?"

பெங்களூர் பஸ் வந்துவிட்டது. பெட்டிகளை மேலே ஏற்ற அவள் எழுந்து போனாள். நான் ஒரு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். அதைத் தவிர நான் செய்தது எதுவுமில்லை.

அதன் பிறகும் சில வருடம் வேலை பார்த்தேன். இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது வெளியூருக்கு மாற்றல் வந்தது. எழுதிக் கொடுத்துவிட்டு நின்றுவிட்டேன். அது சரியா என்று தினமும் ஒருமுறை நினைத்துக்கொள்கிறேன். ஆனால் அதைக் கேட்பதற்காக இதை எழுதவில்லை.

கலைவாணி போன வாரம் சொன்னாள். தரணேந்திரன் சார் ஓய்வு பெற்ற பிறகு டவாலி கூப்பிடும் வழக்கத்தை நிறுத்திவிட்டார்களாம். போர்டும் பழையபடி உள்ளே போய்விட்டது. "விதியில இல்லாததை எதுக்குச் செய்யணும்னு கேக்கறாங்கக்கா" என்றாள். மறுபடி கேட்டுப் பார், எல்லாருக்கும் கூப்பிடச் சொல்லிக் கேள், எழுதியே கொடு என்று சொன்னேன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கேட்டாளாம். முடியாது என்றுவிட்டார்களாம்.

"அப்ப தெரிஞ்ச பேரு ஒண்ணு லிஸ்ட்ல வந்து, கெடு முடியப் போகுதுன்னா நான் என்னக்கா பண்றது? உங்கள மாதிரி ஓடவா, உக்காந்திருக்கவா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். ஓடு என்று சொல்லத்தான் வாய் வருகிறது. பச்சையம்மாளுக்கு வீடு இருக்கிறது, அது என் ஓட்டத்தில் கிடைத்தது. உட்கார்ந்திருந்தால் அது இருக்காது. ஆனால் கலைவாணிக்கும் சில பேரைத்தான் தெரியும். அவள் ஜன்னலுக்கு முன்னால் வராதவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியப் போவதில்லை. மாலையில் அவள் எங்கள் வாசலைத் தாண்டும் நேரத்தில் நான் உள்ளறையில் குழந்தையைத் தூங்கவைப்பது போல் இருந்துவிடுகிறேன்.

இதைப் படிப்பவர்களில் என்னைப் போல ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தவர்கள் இருப்பீர்கள், வெளியே நின்றவர்களும் இருப்பீர்கள். கலைவாணிக்கு நான் என்ன சொல்லட்டும் என்று எழுதுங்கள். உங்களில் யாருக்காவது, எவரும் ஓடி வராததால் நாள் தப்பிப்போயிருந்தால், தயவுசெய்து நீங்கள் முதலில் எழுதுங்கள்.